பூபதிராஜா கோட்டை பார்த்த ஞாயிறு

கேரள எல்லை மீனாட்சிபுரத்துப் பூபதிராஜாவுக்கு வயது முப்பத்தெட்டு. கல்யாணத் தரகர் அர்த்தநாரி அச்சடித்துக் கொடுத்த தாளில் முப்பத்து நான்கு. வீட்டில் மாடு பதினான்கு, தாளில் நான்கு. படிப்பு பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.காம்., அதில் இரண்டு பேப்பர் இன்னும் எழுதிப் பாஸாகவில்லை. தாளில் வெறும் பி.காம். எந்த இடத்தில் எதைக் குறைத்தால் பெண் வீட்டார் தலையாட்டுவார்கள் என்பதில் அர்த்தநாரியை மிஞ்சக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் ஆள் கிடையாது.

"வயசக் கொறச்சது கூடச் சரிங்க. மாட்ட ஏனுங்க கொறச்சீங்க?" என்று பூபதி கேட்டான்.

"பதினாலு மாடுன்னா பதினாலு மாட்டுச் சாணி தம்பி. இந்தக் காலத்துப் புள்ளைங்க வாசல்லயே செருப்பத் திருப்பி மாட்டிக்கும். நாலுன்னு போட்டா, ஊட்டுக் காபிக்குன்னு நெனச்சுக்குவாங்க" என்றார் அர்த்தநாரி.

பூபதி தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தான். பிறகு ஒன்றும் பேசாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தான். அப்படிப் பேசாமல் இருந்ததுதான் அவன் செய்த தப்பு. இவனுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது என்பதால் இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அதற்குள் பதினோரு பெண்கள் அவனை வேண்டாம் என்றிருந்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை வேண்டுமாம். ஒரு பெண்ணின் அம்மா மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வைத்த காபியைக் கூடத் தொடாமல் கிளம்பினார். ஒரு பெண், பாவம், நல்ல பெண்தான், விவசாயம் என்ற சொல்லைக் கேட்டதுமே கண் கலங்கிவிட்டாளாம். பதினோரு தடவை ஒரு மனிதனை வேண்டாம் என்று சொன்னால் அவனுக்கு வயது நான்கு குறைந்தால் தேவலை என்று தோன்றாதா? தோன்றும். ஆனாலும் தப்பு தப்புதான்.

அவன் சோம்பேறியோ ஊதாரியோ இல்லை. கல்லூரிக் கடைசி வருஷம் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது அப்பா மாரடைப்பில் போனார். அன்றைக்கு வீட்டில் மூன்று கறவை மாடுகள். ஒற்றைப் பிள்ளை. சாவு வீட்டிலும் மாடு மடி கனத்துக் கத்தும். யாராவது உட்கார்ந்து கறந்தாக வேண்டும். அவன் உட்கார்ந்தான். பாக்கி இருந்த இரண்டு பரீட்சைக்கும் எழுந்து போகவில்லை. மூன்று மாடு பதினான்கு ஆயிற்று. நள்ளிரவுக்கு முன்னால் ஈன்றதோ பின்னால் ஈன்றதோ, எந்தக் கன்றையும் அவன் கைதான் முதலில் தொட்டது. பால் சொசைட்டியில் அவனுடைய பாலின் கொழுப்பு அளவைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களைத் திட்டுவார்கள்.

ஆனால் கறவை ஒரு மனிதனைக் கட்டிப் போடும். காலையில் ஒன்று, மதியம் மூன்றரைக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் போய்விட்டுத் திரும்ப முடியுமோ அவ்வளவுதான் பூபதியின் உலகம். பாலக்காட்டுக்கே அவன் போனதெல்லாம் ஜில்லா ஆசுபத்திரிக்கும் கலெக்டர் ஆபீசுக்கும்தான். ஊர் நடுவில் ஹைதர் அலி கட்டிய கோட்டை இருக்கிறது. அதன் கருங்கல் சுவரைப் பஸ் ஜன்னலிலிருந்து நூறு தடவை பார்த்திருக்கிறான். இறங்கி உள்ளே போனதில்லை. அவன் அம்மா மயிலாத்தாளின் தாய்மாமன் ஒருவர், வரப்புச் சண்டையில் கோட்டைக்குள் இருந்த சப் ஜெயிலில் சில நாள் இருந்துவிட்டு வந்தவர். அதனால் அந்த வீட்டில் கோட்டை என்றால் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு திங்கட்கிழமை மதியம் போன் வந்தது.

"நான் எலப்புள்ளி கௌசிகா பேசறேனுங்க. உங்க தாளு எங்க ஊட்டுக்கு வந்துச்சு. மாடு நாலுன்னு போட்டிருக்குதே, பேரெல்லாம் உண்டுங்களா?"

பதினோரு பெண்களில் ஒருத்தி கூட அவனோடு நேராகப் பேசியதில்லை. மாட்டின் பேரைக் கேட்டவள் ஏது? செவலை, சுந்தரி, மல்லி, பொட்டுக்காரி என்று நான்கு பேரைச் சொன்னான். ஐந்தாவது பேர் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. கடித்து விழுங்கினான். அன்றைக்குப் பூராவும் மீதிப் பத்து மாடுகளின் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

கௌசிகாவுக்கு முப்பத்து மூன்று வயது. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வியாழக்கிழமை மறுபடியும் கூப்பிட்டாள். மீனாட்சிபுரத்தில் போன் பேசுவது ஒரு தனிச் சோதனை. தொழுவத்தின் இந்த மூலையில் கேரள டவர், அந்த மூலையில் தமிழ்நாட்டு டவர். நடுவில் நின்றால் இரண்டும் இழுக்கும்.

"மொதல்ல நாம ரெண்டு பேரும் பேசிக்கலாமுங்க. ஒறம்பரைங்க, சொந்தக்காரங்க யாரும் வேண்டாம். ஞாயித்துக்கெழம பத்து மணிக்குப் பாலக்காடு வாங்க. கோட்டைப் பக்கம்..." இங்கே ஒரு கரகரப்பு. "...வாட...ல வந்தா மதிங்க."

வாடகையில் வந்தால் மதி. அதாவது, வாடகை வண்டியில் வந்தால் போதும். எல்லையோரத்தில் போதும் என்பதற்கு மதி என்றுதான் பாதிப் பேர் சொல்வார்கள். அதில் பூபதிக்குச் சந்தேகம் இல்லை. சொந்தக் கார் இல்லாவிட்டால் பரவாயில்லை, வாடகைக்காவது ஒன்று எடுத்துக்கொண்டு வா என்கிறாள் போலிருக்கிறது. மனசில் சின்னதாக ஒரு முள் குத்தத்தான் செய்தது. தாளில் டூ வீலர் என்று உள்ளதைத்தானே போட்டிருக்கிறோம்? ஆனால் மாட்டின் பேரைக் கேட்ட பெண் ஆகாசத்தில் வரச் சொன்னாலும் அவன் போகிற நிலையில் இருந்தான். அன்றைக்கு மாலையே டிரைவர் ஷிஜுவிடம் வண்டி பேசிவிட்டான்.

அந்த வியாழனுக்கும் ஞாயிறுக்கும் நடுவில் இன்னொரு முடிவும் எடுத்தான். அர்த்தநாரியின் தாளில் இருக்கிற பொய்யையெல்லாம் அவளிடம் தானே சொல்லிவிட வேண்டும். வேறு வாய் வழியாக அவளுக்குத் தெரியக் கூடாது. சொன்னால் பன்னிரண்டாவது பெண்ணும் போய்விடுவாள் என்று அவனுக்கு ஏறக்குறைய நிச்சயமாகத் தெரியும். பதினோரு பெண்கள் போனபோது போனால் போகட்டும் என்று இருந்தவனுக்கு, இவள் மட்டும் போகக் கூடாது என்று இருந்தது. அதுதான் அவனுக்குப் பயத்தையும் சந்தோஷத்தையும் ஒரே நேரத்தில் கொடுத்தது. இத்தனை தெளிவாக முடிவெடுத்தவன் சனிக்கிழமை சாயங்காலம் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டதை என்னவென்று சொல்வது?

ஞாயிறு காலை கறவையை முடித்து, தேய்த்த நீலச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால் மாட்டுத் தீவனக் கடைக்கு முன்னால் ஒரு பெரிய வெள்ளை வண்டி நின்றது. ஏழு பேர் உட்காரலாம். ஷிஜு சித்தூர்க்காரன், மலையாளி. தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு அவன் வாயிலிருந்து வரும்.

"சின்ன வண்டி ஓட்டத்துக்குப் போயி சேட்டா. இதுதான் இருக்கு. பெண்ணு பாக்கப் போறதுக்கு இதுதான் அந்தஸ்து" என்றான் ஷிஜு.

தத்தமங்கலம் தாண்டினார்கள், சித்தூர் தாண்டினார்கள். ஏழு பேர் உட்காரும் வண்டியில் பின்னால் தனியாக உட்கார்ந்து பூபதி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தான். 'ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும்' என்று ஆரம்பிப்பதா, 'தப்பா நெனச்சுக்காதீங்க' என்று ஆரம்பிப்பதா? ஷிஜு கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஆள் சாமி கும்பிடுகிறான் என்று பாட்டை நிறுத்திவிட்டான்.

ஒன்பதேகாலுக்கே கோட்டை வாசலில் இறங்கியாயிற்று. இன்னும் முக்கால் மணி நேரம். சும்மா நிற்க முடியாமல் அகழிப் பாலத்தின் மேல் நடந்தான். நடந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தபோது அது வெறும் சுவர். பக்கத்தில் வந்தால் ஒவ்வொரு கல்லும் ஒரு கன்றுக்குட்டி அளவு. சுவருக்குக் கீழே அகழி சுற்றி வளைத்துப் போகிறது, பச்சைத் தண்ணீர், கரை ஓரத்தில் இரண்டு நாரைகள். கரையைச் சுற்றி நடைபாதையில் வெள்ளை ஷூ போட்ட பெரியவர்கள் கைவீசிக்கொண்டு நடக்கிறார்கள். புல்வெளியில் ஒரு குடும்பம் விரிப்பை விரித்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிறது. கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடியை ஒரு போட்டோக்காரர் சுவரில் சாயச் சொல்லி, கழுத்தைத் திருப்பச் சொல்லிப் பாடாய்ப் படுத்துகிறார். ஊருக்கு நடுவில் இவ்வளவு இடத்தைச் சும்மா, உட்கார மட்டும், நடக்க மட்டும் என்று விட்டு வைத்திருக்கிறார்கள் என்பதே பூபதிக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

உள்ளே அனுமார் கோயிலில் ஒரு கும்பிடு போட்டான். மதில் மேல் ஏறினான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சட்டைக்குள் புகுந்து உப்பியது. மேலேயிருந்து அகழிக்கரைப் புல்லைப் பார்த்ததும் அறுத்தால் பதினான்குக்கும் இரண்டு நாள் தாங்கும் என்று அவன் புத்தி போயிற்று. தாய்மாமன் தாத்தா இங்கேதான் எங்கேயோ கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பேரன் முறையாகிறவன் அதே இடத்துக்குப் பெண் பார்க்க வந்திருக்கிறான். முப்பத்தெட்டு வருஷமாக இதைப் பார்க்காமல் இருந்தோமே என்று அவனுக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பத்து மணி ஆயிற்று. பாலத்துக்கு ஓடி வந்து நின்றான். பத்தேகால். யாரும் வரவில்லை. போன் போட்டால் வேறு அழைப்பில் இருக்கிறார் என்றது. மறுபடி போட்டான், மறுபடியும் அதே. அவளும் அதே நேரத்தில் அவனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பத்தரைக்கு ஒருவழியாக மணி அடித்தது.

"எங்க இருக்கீங்க? நான் அரை மணி நேரமா வாடிகாவுல இருக்கேனுங்க" என்றாள் கௌசிகா. குரலில் கோபம் இருந்தது.

"நானும் வாடகைலதானுங்க வந்திருக்கேன்."

"எந்தப் பக்கம்? காணோமே."

"கோட்டை வாசல்ல நிக்குதுங்க."

"என்ன நிக்குது?"

"வண்டிங்க. வெள்ள வண்டி."

"ரெண்டு மணி ஷிப்டுக்கு நான் போவோணும். வர்றதுன்னா சீக்கிரம் வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பூபதி ஷிஜுவிடம் ஓடினான். "ஷிஜு, அவங்களும் வாடகைல வந்திருக்காங்களாமா. எந்த வண்டின்னு தெரியலியே."

ஷிஜு அவனை மேலும் கீழும் பார்த்தான். "வாடகை இல்ல சேட்டா, வாடிகா. பார்க்கு. தோ, கோட்டையோட ஒட்டி ஒரு பூந்தோட்டம் இல்லே, அதின்டெ பேரு வாடிகா. பாலக்காட்டுல பெறந்த குட்டிக்கு வரைக்கும் அறியும். வண்டில கேறிக்கோ, கொண்டு விடறேன்."

நடந்தால் இரண்டு நிமிஷம். ஆனால் ஷிஜுவுக்கு இந்தக் கல்யாணத்தில் ஒரு பொறுப்பு வந்துவிட்டது. பூபதியை ஏற்றி, அந்தப் பெரிய வண்டியைத் தோட்டத்து வாசலில் சர்ரென்று கொண்டு போய் நிறுத்தி, தானே இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தும் விட்டான். நீலச் சட்டையும் கறுகறுவென்ற தலையுமாகப் பூபதி இறங்கினான். வாசல் நிழலில் கத்தரிப்பூ நிறச் சுடிதாரில் கைக்குடையோடு நின்றிருந்த பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் இறுகியிருந்தது.

"கார் உங்களதுங்களா?" இதுதான் அவள் நேரில் கேட்ட முதல் கேள்வி.

"இல்லீங்க, வாடகை. என்னுதுன்னா பைக்குத்தானுங்க. நீங்கதான வாடகைல வந்தா மதின்னீங்க."

"நானா?"

"வியாழக்கெழம. கோட்டைப் பக்கம், வாடகைல வந்தா மதின்னு."

கௌசிகா அவனையே பார்த்தாள். பிறகு வாடிகா என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், கதவைப் பிடித்தபடி விறைப்பாக நின்ற ஷிஜுவைப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, குடையை ஊன்றிக்கொண்டு குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஐஸ் விற்கிறவர் கூட வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். பூபதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றாலும், அவளைச் சிரிக்க வைத்துவிட்டோம் என்பதில் ஒரு பெருமையும் இருந்தது.

உள்ளே கருங்கல் சிற்பங்களும் பூச்செடிகளும் ஊஞ்சலில் பிள்ளைகளின் கூச்சலுமாக இருந்தது. இருவரும் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அவள் வேலையைப் பற்றிச் சொன்னாள். ஒரு மாதிரியில் துளி கலப்படம் இருந்தாலும் தன் மிஷின் காட்டிக் கொடுத்துவிடும் என்றாள். அவன் செவலையின் குணத்தைப் பற்றிச் சொன்னான். பேச்சு நிற்கவே இல்லை. பெண்களோடு பேச வராது என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு வாய் அதுபாட்டுக்கு ஓடியது. கோட்டையையும் பார்க்கலாமா என்று அவள் கேட்டபோது, "ஒரு தடவ பாத்துட்டேனுங்க. இன்னும் பத்து தடவ பாக்கலாம்" என்றான்.

அகழிக்கரையில் ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"கார்ல வந்து எறங்கவும் எனக்கு ஏன் அப்பிடி ஆச்சு தெரியுங்களா?" என்றாள் கௌசிகா. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் பாக்க வந்தாரு. இதே மாதிரி கார். சொந்தக் காருன்னாரு. நிச்சயம் வரைக்கும் போயிடுச்சு. அப்புறந்தான் தெரிஞ்சுது, காரு வாடகை, வேலை போயி ஆறு மாசம். வேலை இல்லேன்னு சொல்லியிருந்தா கூட நான் கட்டியிருப்பேனுங்க. பொய்ய மட்டும் என்னால தாங்க முடியாதுங்க."

இவ்வளவு நேரம் சிரித்த முகம் அவனுக்குப் பக்கத்தில் இருந்தது. சொல்லாமல் விட்டால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். கல்யாணம் வரைக்கும் கூட இருக்கும். வயதுச் சான்றிதழை யார் கேட்கப் போகிறார்கள், பத்து மாட்டைத் தோட்டத்துக்கு ஓட்டிவிட்டால் யார் எண்ணப் போகிறார்கள் என்று அர்த்தநாரியின் குரல் அவன் காதுக்குள் பேசியது. மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டேகாலுக்கு அவள் கஞ்சிக்கோட்டுப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"ஏனுங்க, அந்தத் தாளு..." என்று ஆரம்பித்தான். காரில் பழகிக்கொண்டு வந்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. "எனக்கு முப்பத்தெட்டுங்க. முப்பத்து நாலு இல்ல. பி.காம். ரெண்டு பேப்பர் நிக்குது, இனி எழுத மாட்டேன். மாடு நாலு இல்லீங்க. பதினாலு."

கௌசிகா மடியிலிருந்த குடையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"புரோக்கர்தானுங்க எழுதினாரு" என்றான்.

"அச்சானதுக்கப்புறம் நீங்க படிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க."

"முழுசா?"

"முழுசா."

"அப்ப எழுதினது நீங்களுந்தான்."

"ஆமாங்க. பதினோரு பேரு வேண்டாம்னுட்டாங்க. பயந்துட்டேன்" என்றான் பூபதி.

கௌசிகா எழுந்தாள். குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு அகழிக்கரையோடு விறுவிறுவென்று நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளை ஷூ பெரியவர்களைத் தாண்டினாள், போட்டோ ஜோடியைத் தாண்டினாள், சுவர் வளைகிற இடத்தில் மறைந்தாள். பன்னிரண்டும் போயிற்று. பின்னாலேயே ஓடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஓடி என்ன சொல்வது? இருக்கிறதையெல்லாம் சொல்லியாயிற்று. அழுகை வந்தது. ஆனால் அடியில் எங்கேயோ ஒரு சுமை இறங்கிய நிம்மதியும் இருந்தது. பதினான்கு மாட்டையும் இனி எவரிடமும் ஒளிக்க வேண்டாம்.

கோட்டைக்கு ஒரு குணம் உண்டு. அதன் பாதை வட்டமாக ஓடுகிறது. கோபித்துக்கொண்டு ஒரு திசையில் நேராகப் போகிறவர்கள் கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து வந்து சேர்ந்துவிடுவார்கள். கால் மணி நேரத்தில் கௌசிகா வியர்த்து விறுவிறுத்துப் பெஞ்சின் மறுபக்கத்திலிருந்து வந்து நின்றாள். வேண்டுமென்றே வந்தாளா, பாதை கொண்டு வந்து விட்டதா என்று அவன் கடைசி வரை கேட்கவில்லை.

"வயசு எனக்குப் பாத்த ஒடனே தெரியுமுங்க. காதுக்குப் பின்னால சாயம் ஒட்டியிருக்குது" என்றாள், நின்றபடியே.

பூபதி கை தானாகக் காதுக்குப் போயிற்று.

"பதினாலு மாட்டுக்கும் சாணி அள்றது யாரு?"

"நானுங்க. காத்தால நான், மத்தியானம் அம்மா."

"மத்தியானம் கறவை எத்தன மணிக்கு?"

"மூணரைக்குங்க."

அவள் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். மூடியைத் திருகிக்கொண்டே யோசித்தாள். "செவ்வாக்கெழம எனக்கு லீவு. மூணு மணி வாக்குல பஸ்ஸுல உங்க ஊருக்கு வர்றேன். ஆனா ஒண்ணு. ஊட்டுல யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா கொட்டாயக் கழுவி, கோலம் போட்டு, பாதி மாட்ட எங்கியாச்சும் ஓட்டி உட்ருவீங்க. எனக்கு எப்பிடி இருக்குதோ அப்பிடிப் பாக்கோணும்."

"சொல்ல மாட்டேனுங்க."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கஞ்சிக்கோட்டில் கொண்டு போய் விடட்டுமா என்று ஷிஜு ஓடி வந்து கேட்டதற்கு, "வாடகை வண்டி எனக்கு ஆகாதுங்க" என்றாள். அப்போதும் சிரிக்கத்தான் செய்தாள்.

பூபதிக்குச் சோதனையே வீட்டுக்குப் போன பிறகுதான் ஆரம்பித்தது. மயிலாத்தாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்ன சாமி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்மா."

பிறந்ததிலிருந்து அம்மாவிடம் எதையும் மறைக்கத் தெரியாத பிள்ளை. அவன் ஒன்றும் ஆகவில்லை என்று குனிந்துகொண்டால் அதற்கு அவளுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். ஒவ்வொரு பெண்ணும் வேண்டாம் என்ற அன்றைக்கு அவள் அதைத்தான் ஆக்குவாள். நெய்யை மட்டும் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூட விடுவாள். பூபதி தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கியதில் தோள் குலுங்கியது. மயிலாத்தாள் அவன் அழுகிறான் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"போனா போகுது கண்ணு. அவளுக்குக் குடுத்து வெக்கல" என்றாள். அவள் குரலே உடைந்திருந்தது.

அந்த இரண்டு நாளும் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே அவனுக்குத் தாங்கவில்லை. திங்கட்கிழமை அவள் அர்த்தநாரிக்குப் போன் போட்டு, இனி என் பையனுக்குப் பெண்ணே பார்க்க வேண்டாம் என்று சத்தம் போட்டாள். பூபதி கேட்டுக்கொண்டு, சொல்ல முடியாமல், தொழுவத்துக்கும் வாசலுக்கும் நடந்தான். ஒரு வாக்கைக் காப்பாற்றுவது இத்தனை சிரமம் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

செவ்வாய்க்கிழமை மூன்று மணி பஸ் வந்து போன சத்தம் கேட்டது. யாரும் வரவில்லை. மூன்றேகால். மூன்றரை. மாடுகள் காத்திருக்காது, செவலையின் மடியைக் கழுவி, வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வெளியே அம்மா சாணிக் கூடையோடு எருக்குழிக்குப் போகிற காலடி கேட்டது. அப்புறம் வாசல் படலைத் திறக்கிற சத்தம்.

"யாரு அம்மிணி வேணும்?" மயிலாத்தாளின் குரலில் இரண்டு நாள் துக்கமும் எரிச்சலும் இருந்தது.

"பூபதிராஜா ஊடு இதுதானுங்களா? பஸ்ஸு முந்தின ஸ்டாப்புலயே எறக்கி உட்டுட்டாங்க. நடந்து வந்தேன்."

"ஆமா, இதுதான். பாலுன்னா சொசைட்டிக்குப் போ அம்மிணி. இங்க சில்லறையாக் குடுக்கறதில்ல."

"பாலுக்கு வரலீங்க." பெண் மூச்சு வாங்கிக்கொள்வது தொழுவம் வரைக்கும் கேட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு... பதினாலு. சரியா இருக்குதுங்க."

"என்னத்த எண்றே நீ? யாரு பொண்ணு நீ?"

"எலப்புள்ளிங்க. ஞாயித்துக்கெழம உங்க பையன் என்னையப் பாக்க வந்தாருங்க" என்றாள் கௌசிகா. "இன்னைக்கு நான் மாப்பள பாக்க வந்திருக்கேனுங்க, அத்தை."

கூடை தரையில் விழுகிற சத்தம் கேட்டது. தொழுவத்தில் செவலை காலை மாற்றி நின்று, கறக்கிற கை எங்கே என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. பூபதிக்குத்தான் கை ஓடவில்லை.